மின்வண்டிக்கும் வேண்டும் ஓர் ஆற்றுப்படை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும். மாந்தர் நடக்கும் வழியையும் குறிக்கும். வழிகாட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்து, அதற்கு ஆற்றுப்படை எனப் பெயரிட்டவர் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, எவ்வழியே செல்ல வேண்டும், இடையில் எங்குத் தங்கலாம், என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் இடர் உண்டு என்பனவற்றையெல்லாம் எடுத்துரைப்பதே பெரும்பாலும் இந்நூல்களின் அமைப்பாகும்.

இவ்விலக்கியத்தை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். மாணவர் தேர்வுக்குக் கற்கின்றனர். வகுப்பறைக்கு வெளியே, நகரத் தெருக்களில், காலை முதல் நள்ளிரவு வரை அரிசியும் மருந்தும் துணியும் சமைத்த உணவும் சுமந்து வீடுதோறும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல பெட்ரோலைவிட்டு மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், வண்டி மாறினாலே போதும், நகரின் கரிம உமிழ்வு தானே குறைந்துவிடும் என்னும் எண்ணம் படித்தவரிடையேயும் பரவி வருவதை நம்மால் ஏற்க இயலவில்லை. வண்டி செல்லும் வழி திட்டமிடப்படாதவரை, மின்வண்டி தரும் நன்மையில் பெரும்பகுதி தெருவிலேயே வீணாகிவிடும் என்பதே நம் துணிபு. அதனை ஈண்டு எளிய கணக்குகளால் விளக்க முற்படுவோம்.

வண்டி மாறினால் மட்டும் போதுமா?

மின்வண்டிக்குப் புகைக்குழல் இல்லை. எனவே அது செல்லும் தெருவில் புகை இல்லை. சாலையோரத்தில் கடை வைத்திருப்போருக்கும், பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைகளுக்கும் இது பெருநன்மை. ஆனால் அவ்வண்டிக்கு ஊட்டப்படும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் உண்டாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது என மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குகள் காட்டுகின்றன. தெருவில் காணாத புகை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் எழுகிறது என்பதே இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 51 கிராம். ஒரு யூனிட் மின்சாரத்தில் 30 கி.மீ. ஓடும் மின்ஸ்கூட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 23 கிராம். பாதிக்கும் குறைவு, நல்ல ஆதாயமே.

இனி, நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரே தெருவின் நான்கு வீடுகளுக்கு நான்கு பொதிகள் செல்ல வேண்டும் என வைத்துக்கொள்வோம். நான்கு மின்ஸ்கூட்டர்கள் பொதிக்கு ஒன்றாகத் தனித்தனியே சென்று மீண்டால் மொத்த ஓட்டம் 32 கி.மீ.; உமிழ்வு 736 கிராம். அதே நான்கு பொதிகளையும் ஒரே பெட்ரோல் ஸ்கூட்டர் சுமந்து சென்று மீண்டால் ஓட்டம் 8 கி.மீ.; உமிழ்வு 408 கிராம். திட்டமிடாத மின்வண்டியைவிடத் திட்டமிட்ட பெட்ரோல் வண்டி மேலானது என்று இக்கணக்கு காட்டுகிறது! நான்கு பொதிகளையும் ஒரே மின்ஸ்கூட்டர் கொண்டு சென்றாலோ உமிழ்வு 184 கிராமாகச் சுருங்கிவிடும். மின்கலம் செய்வதற்கும் பெட்ரோலைச் சுத்திகரிப்பதற்கும் ஆகும் உமிழ்வை இங்கே நாம் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இக்கணக்கு உணர்த்தும் உண்மை மாறாது. வண்டியும் மாற வேண்டும்; வழியும் மாற வேண்டும். இரண்டும் கூடினால்தான் பயன் முழுமையாகும்.

வழிக் கணக்கின் வரலாறு

வழியைத் திட்டமிடுவது எளிய செயல் என்று தோன்றலாம். பத்து வீடுகளுக்குச் செல்ல வேண்டிய ஒருவர் அவ்வீடுகளை எத்தனை விதமான வரிசையில் சுற்றி வரலாம்? 36,28,800 விதங்களில். வீடுகள் பதினைந்தானால் அவ்வெண்ணிக்கை 1,30,000 கோடியையும் தாண்டிவிடும். அவற்றுள் மிகக் குறுகிய வழியைத் தேர்வது மனக்கணக்கால் ஆகக்கூடியதன்று. கணித அறிஞர்கள் பல்லாண்டுகளாக இச்சிக்கலோடு போராடி வருகின்றனர்.

வண்டிகளுக்கு வழி வகுக்கும் சிக்கலை முதன்முதலில் கணித வடிவில் வைத்தவர்கள் ஜார்ஜ் டான்ட்சிக், ராம்சர் என்னும் இருவர், ஆண்டு 1959. அவர்கள் எடுத்துக்கொண்ட வண்டிகள் எவை தெரியுமா? கிடங்கிலிருந்து பெட்ரோல் நிலையங்களுக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் லாரிகள்! பெட்ரோல் விற்பனைக்காகப் பிறந்த கணக்கு இன்று பெட்ரோலைத் தவிர்ப்பதற்குத் துணைநிற்கிறது. அறிவு எதற்காகப் பிறந்தது என்பதைவிட எதற்காகப் பயன்படுகிறது என்பதே பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1964இல் கிளார்க், ரைட் என்னும் இருவர் எளிய முறையொன்றைக் கண்டனர். அது ‘சேமிப்பு முறை’ எனப்படும். கிடங்கிலிருந்து ஒரு கடை 8 கி.மீ., மற்றொரு கடை 9 கி.மீ.; இரு கடைகளுக்கும் இடைத்தொலைவு 2 கி.மீ. தனித்தனியே சென்று மீண்டால் 34 கி.மீ. ஒரே சுற்றில் இரண்டையும் முடித்தால் 19 கி.மீ. சேமிப்பு 15 கி.மீ. இவ்வாறு எந்த இரு இடங்களை இணைத்தால் மிகுந்த சேமிப்போ அவற்றை முதலில் இணைத்து, வண்டியின் கொள்ளளவு நிறையும்வரை அடுத்தடுத்துக் கோத்துச் செல்வதே அம்முறை. பள்ளி மாணவரும் தாளில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

இதன் பெரும்பயனுக்கு அமெரிக்காவின் யு.பி.எஸ். என்னும் பொதி வழங்கும் நிறுவனம் சான்று. அந்நிறுவனம் ‘ஓரியன்’ என்னும் வழித்திட்டக் கணினி முறையை 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் தன் வண்டிகளுக்குக் கொணர்ந்தது. ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டமும், ஒரு கோடி கேலன் எரிபொருளும் அதனால் மிச்சமாவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வண்டிகளுள் மிகப் பல மின்வண்டிகள் அல்ல என்பது கருதத்தக்கது. வண்டி மாறாமலே வழி மாறியதால் விளைந்த நன்மை அது.

2011இல் பெக்டாஷ், லாபோர்ட் என்னும் இருவர் மேலும் ஒரு படி சென்று, குறுகிய வழியே குறைந்த மாசுடைய வழி என்று கொள்ளலாகாது எனக் காட்டினர். சுமையும் விரைவும் சேர்ந்தே எரிபொருட்செலவைத் தீர்மானிக்கின்றன. கனமான மூட்டையை முதலிலேயே இறக்கிவிட்டு இலேசான பொதிகளோடு எஞ்சிய தொலைவைக் கடப்பதற்கும், கனமான மூட்டையை நகரெங்கும் சுமந்து திரிந்து இறுதியில் இறக்குவதற்கும் வேறுபாடு உண்டு. நம்மூர்க் கைவண்டிக்காரர் தம் தோள்வலியால் அறிந்திருந்த உண்மையே இது.

மின்வண்டியும் சேம அச்சும்

மின்வண்டி வந்தபின் பழைய கணக்கோடு புதிய வினாக்களும் சேர்ந்துகொண்டன. பெட்ரோல் தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மின்கலம் ஒடுங்கினால் மின்னேற்றத்துக்கு நேரம் வேண்டும். அதற்குரிய நிலையம் வழியில் இருக்க வேண்டும். அது காலியாகவும் இருக்க வேண்டும். எங்கே, எப்பொழுது, எவ்வளவு நேரம் மின்னேற்றுவது என்பதையும் வழித்திட்டத்துக்குள் கொணர்ந்து, ஷ்னைடர், ஸ்டெங்கர், கோக்கே ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலரும் பின்பற்றும் அடிப்படையாக அமைந்தது.

இவ்விடத்தில் புறநானூற்றின் 102ஆம் பாடலை நினைவுகூர்தல் பொருந்தும். ஔவையார் அதில் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். வழியில் மேடும் பள்ளமும் எவ்வாறிருக்குமோ என்று எண்ணி, உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். மின்கலத்தில் எப்பொழுதும் ஒரு பகுதி எஞ்சியிருக்குமாறு வழி வகுக்க வேண்டும் என்று இன்றைய பொறியாளர் கூறுவது இச்சேம அச்சே. நிறுவனம் விளம்பரத்தில் கூறும் தொலைவு வேறு; சித்திரை வெயிலில், முழுச்சுமையோடு, நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டி கடக்கும் தொலைவு வேறு. சேம அச்சு இல்லாத திட்டம் தாளில் அழகாக இருக்கும். நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிடும்.

மின்னேற்றம் செய்யும் காலமும் கருதத்தக்கது. சூரிய ஒளி மின்சாரம் நண்பகலில் மிகுதி. மாலையில் கதிரவன் மறைந்தபின், வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் வேளையில், அனல்மின் நிலையங்களே பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. தமிழகமோ காற்றாலை மின்சாரத்தில் முன்னணி மாநிலங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளின் காற்றாலைகள் முழுமூச்சாகச் சுழல்வதைக் கன்னியாகுமரிக்குச் செல்வோர் கண்டிருப்பர். ஆகவே ஒரே மின்வண்டி, ஒரே தொலைவு சென்றாலும், நண்பகலில் மின்னேற்றினால் அதன் உமிழ்வு குறையும். இரவின் தொடக்கத்தில் ஏற்றினால் கூடும். ஆகவே வழித்திட்டம் இடத்தோடு காலத்தையும் கணக்கிட்டாக வேண்டும். நண்பகலில் இரண்டு மணிநேரம் வண்டி நின்றால் அதனை ஓட்டுபவருக்கும் கடும் வெயிலில் ஓய்வு கிட்டும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விரைவு என்னும் பகை

இத்துணைக் கணக்கும் பயன்படுவதற்கு ஓர் அடிப்படை வேண்டும். பல பொதிகள் ஒன்றுசேரும்வரை காத்திருக்கச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரத்தைத்தான் இன்றைய வணிகம் பறித்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் ‘பத்து நிமிடத்தில் கொணர்வோம்’ என்னும் விளம்பரங்கள் நம் நகரங்களில் எழுந்தன. பத்து நிமிடத்தில் சேர வேண்டிய ஒரு கட்டுக் கொத்தமல்லி மற்றொரு பொதிக்காகக் காத்திருக்க இயலுமா? அது தனியே ஒரு வண்டியில், ஓர் ஆளோடு, தனியே செல்கிறது. திரும்பும்போது வண்டி வெறுமையாகவே வருகிறது. எத்துணைச் சிறந்த கணிதமும் ஒரே ஒரு பொதிக்கு என்ன வழி வகுத்தல் கூடும்?

நம் அஞ்சற்காரரை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவுக்கு ஒருவர். எவர் எழுதிய கடிதமாயினும், எந்நாட்டிலிருந்து வந்ததாயினும், அத்தெருவுக்குரியன யாவும் அவர் பையில் ஒன்றுசேரும். ஒரே நடையில் தெரு முழுதும் முடியும். இன்றோ ஒரே தெருவுக்கு ஒரே நாளில் பல நிறுவனங்களின் வண்டிகள் தனித்தனியே வருகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியைச் செம்மையாகத் திட்டமிட்டிருக்கலாம். ஆயினும் தெருவின் கணக்கில் அது வீண்செலவே.

மும்பை மாநகரின் டப்பாவாலாக்கள் மற்றொரு சான்று. 1890 முதல் தொடர்ந்துவரும் அத்தொழிலில், வீடுகளில் திரட்டிய உணவுக்கலங்களை மிதிவண்டியில் நிலையத்துக்குக் கொணர்ந்து, புறநகர் ரயிலில் ஏற்றி, இறங்குமிடத்தில் வகைபிரித்து, அலுவலகங்களில் சேர்ப்பர். மூடிகளில் எழுதிய குறிகளே அவர்தம் வழித்திட்டம். கணினி இல்லை, பெட்ரோலும் இல்லை. கொரோனாப் பெருந்தொற்றுக்குப்பின் அத்தொழில் மிகச் சுருங்கியது வருந்தத்தக்கது. ஆனால் பொதிகளைத் திரட்டி ஒருசேரக் கொண்டுசெல்லும் அவர்தம் நெறி இன்றைய மின்வண்டிக்கும் பாடமாகும்.

மருந்துக்கும் விரைவு வேண்டாமா என வினவுவோர் உளர். வேண்டும். உயிர்காக்கும் மருந்துக்குத் தனிவண்டி செல்வது முறையே. அம்முறையைக் கொத்தமல்லிக்கும் நொறுக்குத்தீனிக்கும் விரிப்பதைத்தான் நாம் மறுக்கிறோம்.

வழியறிந்தவர் சொல்

வழித்திட்டத்தில் மறக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அவர் வண்டியை ஓட்டுபவர். மண்ணடியிலும் சவுகார்ப்பேட்டையிலும் எந்தச் சந்தில் காலை பத்து மணிக்கு மேல் வண்டி நுழைய இயலாது, எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், எவ்விடத்தில் நிறுத்த நிழல் உண்டு என்பனவற்றை அவர் அறிவார். தொலைவை மட்டும் கணக்கிடும் முறை அவற்றை அறியாது. 2021இல் அமேசான் நிறுவனமும் எம்.ஐ.டி. கல்வி நிறுவனமும் இணைந்து ஓர் ஆய்வுப் போட்டியை நடத்தின. ஓட்டுநர்கள் உண்மையில் சென்ற வழிகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி முறையை உருவாக்குவதே அப்போட்டி. கணினி வகுத்த வரிசையை ஓட்டுநர்கள் பலபோது மாற்றிக்கொண்டு செல்வதும், அம்மாற்றத்தில் பட்டறிவு பொதிந்திருப்பதும் அதற்குக் காரணம். நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்கு வழி கூறும் ஆற்றுப்படை நெறியே இது.

அதே கணினி முறையைத் தொழிலாளியைப் பிழியும் கருவியாகவும் ஆக்கலாம். வழி சுருங்கியதால் மிஞ்சிய நேரத்தில் மேலும் இருபது பொதிகளைத் திணித்து, தண்ணீர் குடிக்கவும் நேரமின்றி ஓடவைத்தால், அது முன்னேற்றம் ஆகாது. நம் மாணவருள் சிலரே மாலை வேளைகளில் இப்பணி செய்து கல்லூரிக் கட்டணம் செலுத்துகின்றனர். முதல் மணி வகுப்பில் அவர்கள் கண்ணயர்வதை நாம் காண்கிறோம். பொதிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பெறுபவர் சிவப்பு விளக்கையும் எதிர்த்திசையையும் பாராது விரைவது அவர்தம் குற்றம் மட்டுமன்று. அத்தகைய காலக்கெடுவை விதித்தவரும், அதனை விரும்பிக் கேட்டவரும் அக்குற்றத்தில் பங்காளிகளே.

தமிழக அரசு இத்தொழிலாளர்க்கென 2023இல் நலவாரியம் அமைத்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், வாரியத்தில் பதிவுபெற்ற 2,000 பேர்க்குப் புதிய மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி அண்ணாநகர் போன்ற இடங்களில் குளிர்வசதியுடைய ஓய்வறைகளையும் திறந்தது. இவை பாராட்டத்தக்கன. அத்தகைய ஓய்வறைகளும் மின்னேற்ற நிலையங்களும் ஒரே இடத்தில் அமைந்து, வழித்திட்டத்திலும் இடம்பெறுமானால் பயன் பன்மடங்காகும்.

செய்யத்தக்கவை

டெல்லி அரசு 2023இல் அறிவித்த திட்டம், பொருள் வழங்கும் நிறுவனங்களின் வண்டிகள் யாவும் 2030 ஏப்ரல் முதல் நாளுக்குள் மின்வண்டிகளாக வேண்டும் என்று கூறுகிறது. தமிழகத்தின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக வளர்க்கக் கருதுகிறது. இவ்வாணைகள் வண்டியை மாற்றும். வழியை மாற்றுவதற்கு அரசும் வணிகரும் நாமும் செய்யத்தக்கவை சில உள.

மாநகராட்சிகள், சந்தை கூடும் பகுதிகளின் விளிம்பில் பொதுக் கிடங்குகளுக்கு இடம் தரலாம். பல நிறுவனங்களின் பொதிகளும் அங்கே இறங்கி, தெருவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒரே மின்வண்டியில் செல்லட்டும். போட்டி விலையில் இருக்கட்டும், தெருவில் வேண்டியதில்லை.

சமுதாயப் பெரியோர்களுள் வணிகர் பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே கடைத்தெருவில் பத்துக் கடைகள் பத்துக் குட்டியானைகளை அமர்த்துவதைவிட, சங்கமாகக் கூடி மூன்று மின்வண்டிகளை அமர்த்தி, பகுதிவாரியாகப் பொருள்களை அனுப்பலாம். முன்னர்க் கூறிய சேமிப்பு முறையைக் கையாளப் பெருங்கணினி வேண்டா. ஒரு தாளும், ஊரை அறிந்த ஓட்டுநரும், கணக்கறிந்த ஒரு மாணவரும் போதும். எரிபொருட்செலவு குறைவதால் சங்கத்துக்கு ஆதாயமும் உண்டு.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. கணிதத் துறையும் கணினித் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. நம் கல்லூரியைச் சுற்றியுள்ள கடைத்தெருவின் ஒரு வார ஓட்டத்தைக் கணக்கெடுத்து, அதற்கு ஒரு வழித்திட்டம் வகுத்து, கண்டதைத் தமிழில் எழுதுங்கள். ஓட்டுநர்களிடம் கேட்டு எழுதுங்கள். அது பட்டத்துக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும்.

இறுதியாக, பொருளை வரவழைக்கும் நம் அனைவருக்கும் ஒன்று. இன்று வேண்டிய பொருள் எது, நாளை வந்தாலும் தாழ்வில்லாத பொருள் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மூன்று முறை வரவழைப்பதை ஒருமுறையாக்கினால், எந்த அரசாணையுமின்றி வண்டியோட்டம் குறையும்.

நிறைவாக

மின்வண்டி ஒரு நல்ல கருவி. கருவியின் பயன் அதனைக் கையாளும் முறையில் உள்ளது. வீண் ஓட்டத்தைக் குறைத்தல், பொதிகளை ஒன்றுசேர்த்தல், கதிரவனும் காற்றும் தரும் மின்சாரத்தை உரிய வேளையில் பெறுதல், வண்டியோட்டும் மனிதரின் அறிவுக்கும் உடல்நலத்துக்கும் மதிப்பளித்தல் ஆகிய நான்கும் கூடிய வழித்திட்டமே நகரின் கரிம உமிழ்வைக் குறைக்கும். உமணர் தம் வண்டியைப் பூட்டுமுன் வழியை எண்ணினர். நாமும் நம் கைப்பேசியில் விரலை வைக்குமுன், அப்பொருள் நம் வாயிலை அடைய எவர் எவ்வழியே எத்துணைத் தொலைவு வர வேண்டும் என்று ஒரு கணம் எண்ணுவோமாக.